சுக்கோத் 2026: கொல்லைப்புறச் சுக்கா, வெள்ளி இரவு விருந்து, மழைக்கும் காற்றுக்கும் என்ன ஏற்பாடு?

ராரிடன்_ரவி
இந்த வருஷச் சுக்கோத், அதாவது யூதர்களின் கூடாரப் பண்டிகை, செப்டம்பர் 25 வெள்ளி சாயங்காலம் தொடங்குகிறது. அதற்கு முந்தைய பாவமன்னிப்பு நாளான யோம் கிப்பூர் நோன்பு முடிவது 21 திங்கள் இரவு. நடுவில் நாலே நாள். சாப்பிட உட்காரும் கூடாரமான சுக்காவைக் கட்டும் இடம் நியூ ஜெர்சி, கொல்லையில் புல்தரை. கையில் இருப்பது 8க்கு 12 அடி இரும்புக் குழாய்ச் சட்டம், துணிச் சுவர், கூரைக்கு மூங்கில் பாய் இரண்டு சுருள். முதல் இரவு 10 பேர், அதில் 3 பேர் யூதர் அல்லாத நண்பர்கள்.

கேட்க வேண்டியவை: துணிச் சுவர் போதுமா? 10 பேர் நெருக்கடி இல்லாமல் உட்கார முடியுமா? முதல் நாள் சப்பாத்தில் (வெள்ளி சாயங்காலம் தொடங்கும் சனி ஓய்வுநாள்) விழுவதால் சமையலிலும் லுலாவிலும் (கையில் எடுத்து ஆட்டும் பேரீச்ச ஓலை) என்னென்ன மாறும்? மழை வந்தால்?

மரச்சட்டம்
உட்காரும் கணக்கை முதலில் முடிப்போம். ஒருவருக்கு மேஜை விளிம்பில் 60 செ.மீ. வேண்டும். 2.4 மீட்டர் மேஜையில் பக்கத்துக்கு 4, தலைமாட்டில் ஒருவர், கால்மாட்டில் ஒருவர், மொத்தம் 10. மேஜை அகலம் 75 செ.மீ., நாற்காலிக்குப் பின்னால் இருபுறமும் 80 செ.மீ. என்றால் 2.35 மீட்டர். உங்கள் 8 அடி 2.4 மீட்டர். ஆக இடம் சரியாக இருக்கும், ஆனால் பரிமாறுகிறவர் பின்னால் நடக்க வழி இருக்காது. வாசலை நீளவாட்டின் ஒரு மூலையில் வையுங்கள், தட்டுகளைக் கைமாற்றி அனுப்பிக்கொள்ளலாம். ஒரு பக்கம் நாற்காலிக்குப் பதில் பெஞ்ச் போட்டால் 20 செ.மீ. மிச்சமாகும்.

துணிச் சுவர் பற்றி இங்கே எல்லோரும் மதவிதியைப் பேசுவார்கள். நான் காற்றைப் பேசுகிறேன். 2.1 மீட்டர் உயரம், 3.6 மீட்டர் நீளம் உள்ள ஒரு துணிச் சுவரில் மணிக்கு 60 கி.மீ. காற்று நேராக அடித்தால் ஏறத்தாழ 130 கிலோ எடைக்குச் சமமான விசை விழும். குழாய்ச் சட்டத்தின் எடை அதில் பாதிகூட வராது. கவிழும், இல்லை நகர்ந்து வேலியில் போய் முட்டும். புல்தரை என்பதால் நாலு மூலையிலும் 40 செ.மீ. திருகு ஆணியை மண்ணில் இறக்கி, சட்டத்தின் மேல் மூலையிலிருந்து கயிறு இழுத்துக் கட்டுங்கள். அடிமூலையில் கட்டிப் பயனில்லை, கவிழ்க்கும் விசை மேலேதான் வேலை செய்யும். மரத்தளமோ சிமெண்டுத் தரையோ என்றால் மூலைக்கு 25 கிலோ மணல் மூட்டை இரண்டு.

இன்னொன்று. சட்டத்துக்குக் குறுக்கு மூலைத் தாங்கி இருக்கிறதா பாருங்கள். பெட்டியில் வரும் பல சட்டங்களில் இருக்காது. செவ்வகம் சாய்ந்து சாய்ந்து இணைகரமாகிவிடும், அப்புறம் மேலே இருக்கும் பாய் நழுவும்.

தினம்_ஒரு_தாள்
மரச்சட்டம் சொன்ன காற்றும் மதவிதிக்குள்தான் வருகிறது. சாதாரணக் காற்றில் படபடவென்று ஆடும் சுவர் சுவரே இல்லை என்பது விதி. அதனால்தான் துணிச் சுவரோடு நாடா தருகிறார்கள். இரண்டு பொருட்களுக்கு இடையில் 3 தெஃபாகுக்குக் குறைவான இடைவெளி இருந்தால் அது மூடியதாகவே கணக்கு. ஒரு தெஃபாக் 8 செ.மீ. என்று வைத்தால் 24 செ.மீ. எனவே தரையிலிருந்து 22 செ.மீ. உயரத்தில் முதல் நாடா, பிறகு 44, 66, 88, கடைசியாக 105. நாடாவை விறைப்பாக இழுத்துச் சட்டத்தோடு கட்ட வேண்டும், துணியோடு தைத்துவிட்டால் துணி ஆடும்போது அதுவும் ஆடும். மூன்று பக்கம் சுவர் இருந்தாலே சுக்கா ஆகிவிடும் என்றாலும், நாடாவை மட்டும் நம்புகிறவர்கள் நாலு பக்கமும் சுற்றுவது நல்லது. வாசல் பக்கம் மட்டும் ஆள் நுழைய இடம்.

கூரைக்கு மூன்று நிபந்தனை: மண்ணில் விளைந்ததாக இருக்க வேண்டும், மண்ணிலிருந்து வெட்டியதாக இருக்க வேண்டும், பாத்திரமாகவோ உணவாகவோ பயன்படும் பொருளாக இருக்கக்கூடாது. இதைத்தான் ஸ்காக் என்கிறோம். உள்ளே வெயிலைவிட நிழல் அதிகம் விழ வேண்டும். பெரிய நட்சத்திரங்கள் தெரிகிற அளவு சந்து இருப்பது சிறப்பு. 24 செ.மீ. அகல இடைவெளி எங்கும் வரக்கூடாது. முதலில் சுவர், பிறகுதான் ஸ்காக். நேரம் மிச்சம் என்று கூரையை முதலில் போட்டுவிட்டுச் சுவரைச் சுற்றாதீர்கள்.

மேலே மரக்கிளை, வீட்டின் கூரை நீட்சி, மாடி பால்கனி எதுவும் நிழலிடக்கூடாது. இதுதான் அதிகம் பேர் கவனிக்காமல் விடுவது. மேப்பிள் மரத்தடி குளுகுளுவென்று இருக்கும், ஆனால் அங்கே சுக்கா கிடையாது.

சிங்கை_செல்வி
கேள்வி: தென்னங்கீற்று போடலாமா? பாய் படுக்கவும் பயன்படும் பொருள்தானே, மூங்கில் பாய் மட்டும் எப்படிச் செல்லும்?

தினம்_ஒரு_தாள்
செல்வி, கேள்வியே பதிலையும் வைத்திருக்கிறது. எதற்காகப் பின்னினார்கள் என்பதுதான் அளவுகோல். படுக்கப் பின்னிய பாய் செல்லாது. கூரை வேயப் பின்னிய கீற்று செல்லும். ஆனால் நம் ஊர் பந்தலில் போடுவதுபோல் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வேய்ந்தால் கனமழைகூட உள்ளே இறங்காது. அப்படி அடைத்த கூரையை ஏற்காத கருத்து உண்டு, எனவே ஒற்றை அடுக்கு போதும்.

கடை மூங்கில் பாயில் ஸ்காக்குக்கென்றே செய்த சான்று சீட்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூங்கிலை நைலான் நூலில் கோத்திருந்தால் சிக்கல், தாவர நாரில் கோத்திருக்க வேண்டும். தோட்டக்கடை வேலித் தட்டி விலை குறைவு என்று வாங்கினால் பெரும்பாலும் கம்பியில் கட்டியிருக்கும்.

மரச்சட்டம்
பாயை இரும்புக் குழாய்மேல் நேராக விரிக்க வேண்டாம். குழாய்மேல் குறுக்கே மரம் போட்டு, மரத்தின்மேல் பாய். 2.4 மீட்டர் இடைவெளிக்கு ஒல்லி ரீப்பர் போட்டால் நடுவில் தொய்யும். 2க்கு 4 அங்குலச் சட்டத்தைக் குத்துவாக்கில், 90 செ.மீ.க்கு ஒன்றாக, 12 அடிக்கு ஐந்து போடுங்கள். பாயின் மூங்கில் இந்தச் சட்டங்களுக்குக் குறுக்காக ஓட வேண்டும். இணையாகப் போட்டால் இரண்டு சட்டத்துக்கு நடுவில் பாய் தொட்டில்போல் தொங்கும்.

பாய் பறக்காமல் இருக்க நைலான் டேக் போட்டு இறுக்குவது எல்லோரும் செய்வது. அதற்குப் பதில் பாயின்மேலும் இரண்டு மூன்று மரச் சட்டத்தை வைத்து அழுத்தி, கீழ்ச் சட்டத்தோடு சணல் கயிற்றால் கட்டினால் காற்றும் தாங்கும், தினம்_ஒரு_தாள் சாரும் திட்ட மாட்டார்.

தினம்_ஒரு_தாள்
திட்ட மாட்டேன். சாதாரணக் காற்றுக்கு மரத்தின் பாரமே பாயைப் பிடித்து நிறுத்த வேண்டும், கயிறு புயலுக்கு.

நெகேவ்_வாசி
இங்கே இஸ்ரேலில் கவலை வேறு. மழை அபூர்வம், அடுக்குமாடி பால்கனிதான் தலைவலி. மாடிக்கு மாடி பால்கனியைத் தள்ளித் தள்ளிக் கட்டி, மேலே வானம் தெரிகிற மாதிரி விட்டிருக்கும் வீடுகளை விளம்பரத்திலேயே சுக்கா பால்கனி என்று போடுவார்கள். பாதி பால்கனி மேல்மாடிக்கு அடியில் இருந்தால், திறந்த பகுதி குறைந்தது 7க்கு 7 தெஃபாக் இருக்க வேண்டும், சாப்பிடுகிறவர் அந்தத் திறந்த பகுதியில்தான் உட்கார வேண்டும்.

ரவி சாருக்கு முக்கியமான ஒன்று. கொல்லைக்கு வேலி இருக்கிறதா? வெள்ளி இரவு சப்பாத். வேலியில்லாத கொல்லை என்றால், ஊருக்கு ஏரூவ் எல்லை (சப்பாத்தில் பொருள் தூக்கிப்போக வழிசெய்யும் எல்லைக்கோடு) இல்லாதபட்சத்தில், சமையலறையிலிருந்து சுக்காவுக்கு ஒரு தட்டுகூடக் கொண்டுபோக முடியாது. மற்ற வருஷங்களில் யோம் தோவ் (பண்டிகையின் முழு விடுமுறை நாள்) அன்று தூக்கிப்போவதற்குத் தடையில்லை, அந்தப் பழக்கத்தில் இந்த வருஷம் பலர் மாட்டிக்கொள்வார்கள். வேலி இல்லையென்றால் சுக்காவைக் கொல்லைக் கதவோடு ஒட்டிக் கட்டுங்கள், ஆனால் கூரை நீட்சிக்கு வெளியே.

ராரிடன்_ரவி
மூன்று பக்கம் வேலி, நாலாவது பக்கம் வீடு. கேட்டும் உண்டு. கதவருகே கூரை 50 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கிறது. சுக்காவை அதன் அடியிலிருந்தே தொடங்கினால் குடை இல்லாமல் வந்துபோகலாமே?

தினம்_ஒரு_தாள்
தொடங்கலாம். சுவரை ஒட்டிய கூரை நீட்சி 4 அம்மா என்கிற முழ அளவுக்குள், அதாவது 1.9 மீட்டருக்குள் இருந்தால் அதைச் சுவரின் வளைந்த தொடர்ச்சியாகவே எடுத்துக்கொள்வார்கள். நீட்சி முடிகிற இடத்தில் ஸ்காக் இடைவெளி விடாமல் தொடங்க வேண்டும். அந்த 50 செ.மீ.யின் அடியில் நாற்காலி போடாதீர்கள், பரிமாறும் மேஜை போடுங்கள்.

அடுப்பங்கரை
இப்போ சமையல். முதல் இரவு சப்பாத் என்பதால் சூரியன் மறைவதற்கு முன் எல்லாம் வெந்திருக்க வேண்டும். உங்கள் பக்கம் அன்றைக்கு அஸ்தமனம் 6:50 வாக்கில், விளக்கு அதற்கு 18 நிமிடம் முன்பு. அதற்குப் பிறகு பிளாட்டா சூட்டுத்தட்டில் இருப்பதுதான் சூடு. ஆறிப்போன குழம்பை மறுபடி சூடாக்க முடியாது.

பெரியவர்கள் கூடாரப் பண்டிகைக்குத் திணித்த காய்கறியை வைத்ததில் அறுவடை நிறைவு என்ற அர்த்தம் உண்டு, ஆனால் சுக்காவுக்கு அது பொருந்துவதற்கு வேறு காரணமும் இருக்கிறது: மூடிய பாத்திரத்தில் நாலு மணி நேரம் கிடந்தாலும் கெடாது, ஒரே பாத்திரத்தில் கொல்லைக்குப் போகும்.

10 பேருக்கு முட்டைக்கோஸ் சுருள் 24. ஒன்றேகால் கிலோ முட்டைக்கோஸ் இரண்டு. ஒரு முழு நாள் ஃபிரீசரில் வைத்து, இன்னொரு நாள் வெளியே எடுத்து இளக விடுங்கள். இலை துணிபோலத் துவண்டு தானே பிரியும், கொதிநீரில் போட்டுக் கையைச் சுட்டுக்கொள்ள வேண்டியதில்லை. நடு நரம்பைக் கத்தியால் சீவிவிட்டால் சுருட்டும்போது முறியாது. கொத்துக்கறி 1 கிலோ, அரிசி 150 கிராம், முட்டை 2, துருவிய வெங்காயம் 2, உப்பு, மிளகு. ஒரு சுருளுக்கு 60 கிராம்.

அரிசியை 5 நிமிடம் அரைவேக்காடு வேகவைத்து வடித்துத்தான் கலக்க வேண்டும். தக்காளிச் சாறும் எலுமிச்சையும் புளிப்பு, புளிப்பில் வேகாத அரிசி சீக்கிரம் மெத்தென்று ஆகாது, இரண்டு மணி நேரம் கழித்தும் நறுக் நறுக்கென்று கடிபடும். அதேபோல் இறுக்கிச் சுருட்டாதீர்கள். அரிசி ஊதி இலையைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும்.

சாறுக்கு நொறுக்கிய தக்காளி 1.6 கிலோ, தண்ணீர் 400 மி.லி., சர்க்கரை 60 கிராம், எலுமிச்சைச் சாறு 60 மி.லி., உலர்திராட்சை ஒரு கைப்பிடி. மிஞ்சிய இலைகளை அடியில் பரப்பி அதன்மேல் சுருளை அடுக்குங்கள், அடிபிடித்தால் அந்த இலையோடு போகும். 160 டிகிரி அடுப்பில் மூடி இரண்டரை மணி, திறந்து அரை மணி. புதன் அல்லது வியாழனே செய்துவிடுங்கள். மறுநாள்தான் ருசி ஏறும்.

கறியோடு பால் சேரக்கூடாது, இது கறிச் சாப்பாடு என்பதால் இனிப்பில் பால், வெண்ணெய் வேண்டாம். ஆப்பிள் கேக்குக்கு எண்ணெய் போதும். ஹல்லா என்கிற பண்டிகை ரொட்டி வட்டமாக, தேனோடு. கறி சாப்பிடாதவர் இருந்தால் மொராக்கோக்காரர்களின் ஏழு காய் கூஸ்கூஸ் நல்லது, ஆனால் கூஸ்கூஸையும் காய்ச்சாற்றையும் தனித்தனியாகச் சூடாக வையுங்கள். ஒன்றாக வைத்தால் சூட்டுத்தட்டில் கூழாகிவிடும்.

சூப்பை வெள்ளி சாயங்காலம் கொதிக்கக் கொதிக்க வாக்குவம் ஃபிளாஸ்க்கில் ஊற்றிச் சுக்காவிலேயே வைத்துவிடுங்கள். ஃபிளாஸ்க்கை முதலில் கொதிநீர் ஊற்றி 10 நிமிடம் சூடாக்கிக் கொட்டிவிட்டு ஊற்றினால் சூடு நிற்கும். செப்டம்பர் கடைசி இரவில் திறந்த கிண்ணத்தில் தூக்கிப்போகும் சூப் மேஜைக்குப் போவதற்குள் ஏடு கட்டிவிடும்.

முதல்முறை_விருந்தாளி
நானும் ஒரு வீட்டுக்கு அழைக்கப்பட்டிருக்கிறேன், யூதர் அல்ல. என்ன எடுத்துப் போகலாம்?

அடுப்பங்கரை
வீட்டில் சமைத்தது வேண்டாம். கோஷர் (யூத உணவு விதிக்கு உட்பட்டது) முத்திரை உள்ள, பிரிக்காத பொட்டலம் சரி. ஒயின் என்றால் கோஷரோடு மெவுஷால் என்று அச்சிட்டதா பாருங்கள், யார் ஊற்றினாலும் சிக்கல் இல்லாதது அது. பூ கொடுப்பதாக இருந்தால் வெள்ளி மதியமே அனுப்பிவிடுங்கள், சப்பாத் தொடங்கியபின் அவர்கள் தண்ணீரில் வைக்க மாட்டார்கள். காலிங் பெல் அடிக்காமல் கதவைத் தட்டுங்கள். போட்டோ வேண்டாம். முக்கியமாக ஸ்வெட்டர்.

தினம்_ஒரு_தாள்
ரவி, உங்கள் 3 நண்பர்கள் விஷயத்தில் இந்த வருஷம் உங்களுக்குச் சாதகம். யோம் தோவ் அன்று வீட்டாருக்காகச் சமைக்கலாம், யூதர் அல்லாத விருந்தினருக்கென்று கூடுதலாகச் சமைக்கக்கூடாது. அந்தப் பயத்தில்தான் யோம் தோவ் விருந்துக்கு அவர்களை அழைப்பதில் தயக்கம் காட்டுவார்கள். சப்பாத்தில் யாருக்குமே சமையல் இல்லை, ஆகையால் அந்தக் கேள்வியே எழாது. வெள்ளி இரவு தாராளமாக அழையுங்கள். ஞாயிறு மதியம் வேண்டாம். இன்னும் நண்பர்கள் இருந்தால் திங்கள் முதல் வெள்ளி பகல் வரை ஹோல் ஹமோயேத் என்கிற இடைநாட்கள் இருக்கின்றன, அப்போது காரில் வரலாம், போட்டோ எடுக்கலாம், பிள்ளைகள் ஓடி ஆடலாம்.

வெள்ளி இரவு வரிசை: வய்குல்லு பகுதி (படைப்பு முடிந்ததைச் சொல்லும் வேதவரிகள்), ஒயின், கித்துஷ் (நாளைப் புனிதமாக்கும் ஆசி), சுக்காவில் உட்காரும் லேஷேவ் ஆசி, ஷேஹெகியானு (இந்த நாளை அடைந்ததற்கு நன்றி சொல்லும் ஆசி). சனி இரவு இரண்டாம் நாள் கித்துஷோடு சப்பாத்தை முடித்துவைக்கும் ஹவ்தாலாவும் சேரும். அன்றைக்கு ஷேஹெகியானு முன்னால், லேஷேவ் பின்னால் என்பது பரவலான வழக்கம். ஞாயிறு விருந்துக்கு மேஜை போடுவதுகூடச் சனி இருட்டியபிறகுதான். அடுப்பு மூட்டப் புதுத் தீ கூடாது என்பதால் 48 மணி நேரம் எரியும் மெழுகுவர்த்தி ஒன்றை வெள்ளியே ஏற்றிவிடுங்கள். அதை வீட்டுக்குள் வையுங்கள்.

மரச்சட்டம்
வீட்டுக்குள் என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். காய்ந்த மூங்கில், துணி, காகிதத் தோரணம், மேலே காற்று. சுக்காவுக்கு எல்.இ.டி. சரம், ஐ.பி.44 அல்லது அதற்கு மேல், கசிவு பாதுகாப்புள்ள பிளக்கில், டைமரை வெள்ளி மதியமே சரிபார்த்து வையுங்கள். வயர் இணைப்பைத் தரையில் போடாமல் சட்டத்தில் தொங்கவிடுங்கள். டைமர் 10 மணிக்கு அணைந்து பாதிச் சாப்பாட்டில் இருட்டாகும் வீடுகள் நிறைய, 12 வரை வையுங்கள்.

தோரணத்தில் நிஜப் பழம் வேண்டாம். நியூ ஜெர்சியில் அந்த மாதம் குளவிக்காலம், திராட்சைக் கொத்து தொங்கினால் ஒரே நாளில் வந்துவிடும். காய்ந்த சோளக் கதிர், சுரைக்குடுக்கை போதும். பிள்ளைகள் வரையும் படத்தை லேமினேட் செய்யுங்கள்.

நெகேவ்_வாசி
லுலாவ் பற்றி யாரும் பேசவில்லை. சனிக்கிழமை எடுக்கவே கூடாது, ஆகவே முதல் தடவை ஞாயிறு 27 காலை. அன்றுதான் லுலாவ் ஆசியோடு ஷேஹெகியானு.

வாங்கும்போது லுலாவின் நடு ஓலை நுனி பிளக்காமல் இருக்கிறதா பாருங்கள். ஹதாஸ் (மிர்ட்டில் கிளை) மூன்று, ஒரே மட்டத்தில் மும்மூன்று இலையாக. அராவா (வில்லோ கிளை) இரண்டு, சிவந்த தண்டு, மழமழவென்ற இலை ஓரம். எத்ரோக் (எலுமிச்சை இனத்துச் சிட்ரன் காய்) முட்டை அளவுக்குக் குறையக்கூடாது, மேல் மூக்குப் பகுதியில் புள்ளி இருக்கக்கூடாது. பித்தோம் என்கிற நுனிக்காம்பு காய் மரத்தில் வளரும்போதே உதிர்ந்திருந்தால் குறையில்லை, பிறகு உடைந்தால்தான் பிரச்சினை. உடைவது பெரும்பாலும் பெட்டியிலிருந்து எடுக்கும்போதுதான். நாரோடு சேர்த்து எடுங்கள், பித்தோமைப் பிடித்துத் தூக்காதீர்கள்.

முதலில் வாடுவது அராவா. இரண்டு மூன்று நாளில் கறுக்கும். ஹதாஸையும் அராவாவையும் ஈரத்துண்டில் சுற்றி, மேலே அலுமினியத் தாள் சுற்றிக் குளிர்பெட்டியில் வையுங்கள். சொட்டச் சொட்ட நனைத்தால் அழுகும், பிழிந்த ஈரம் போதும். லுலாவைப் பையில் நிறுத்தி வைத்தால் போதும். ஓலைப் பின்னல் பிடியை வெள்ளியே லுலாவில் மாட்டிவிட்டால் ஞாயிறு காலை முடிச்சுப் போடாமல் செருகிக்கொள்ளலாம். ஓலையின் முதுகு உங்களைப் பார்க்க, வலப்பக்கம் ஹதாஸ் சற்று உயரமாக, இடப்பக்கம் அராவா. எத்ரோக்கை இடது கையில் பித்தோம் கீழே பார்க்கப் பிடித்து ஆசி சொல்லி, பிறகு நிமிர்த்தி ஆட்டுங்கள்.

ஒரே செட்டை வீட்டில் பலர் பயன்படுத்துவதாக இருந்தால், அன்றைக்கு அது எடுப்பவரின் சொந்தமாக இருக்க வேண்டும். "திருப்பித் தரும் நிபந்தனையோடு அன்பளிப்பு" என்று சொல்லிக் கைமாற்றுங்கள். சிறு பிள்ளைக்குக் கடைசியில் கொடுங்கள். வாங்கிக்கொள்ள அவனுக்கு உரிமை உண்டு, திருப்பிக் கொடுக்கும் உரிமை கிடையாது.

ராரிடன்_ரவி
மழைக் கேள்வி மட்டும் பாக்கி. பிளாஸ்டிக் தார்ப்பாய் ஸ்காக்மேல் போட்டுவிட்டுச் சாப்பிடலாமா?

தினம்_ஒரு_தாள்
கூடாது. அப்போது நீங்கள் பிளாஸ்டிக் அடியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். சாப்பிடாத நேரத்தில் மூடி வைத்துத் தரையைக் காயவைக்கலாம், உட்காரும் முன் திறக்க வேண்டும். சூப்பில் விழுந்து கெடுக்கிற அளவு மழை என்றால் உள்ளே போகலாம், பிடிவாதமாக உட்காருவது புண்ணியம் இல்லை. முதல் இரவு மட்டும் அஷ்கெனாசி (ஐரோப்பிய யூதர்) வழக்கத்தில் கொஞ்சம் காத்திருந்து பார்ப்பார்கள். நிற்கவில்லையென்றால் மழையிலேயே கித்துஷ் சொல்லி, ஆலிவ் அளவு ரொட்டியாவது சுக்காவில் தின்றுவிட்டு மிச்சச் சாப்பாட்டை வீட்டுக்குள் சாப்பிடுவார்கள்.

மரச்சட்டம்
தார்ப்பாயை விரிப்பதும் சுருட்டுவதும் சப்பாத்தில் சிக்கல் என்பதால் கீல் வைத்த மூடிதான் வழி. ஒரு மரச் சட்டகத்தில் பிளாஸ்டிக் அடித்து, சுக்காவின் ஒரு நீளப் பக்கத்தில் மூன்று கீலில் மாட்டி, கயிறு இழுத்தால் திறக்கிற மாதிரி. மூடியிருக்கும்போது 15 டிகிரியாவது சரிவு வேண்டும், இல்லையென்றால் நடுவில் தண்ணீர் தேங்கி, திறக்கும்போது அத்தனையும் மேஜையில் கொட்டும். காற்று நாளில் மூடியைத் திறந்து நிறுத்தாதீர்கள், பாய்மரம் ஆகிவிடும்.

அடுப்பங்கரை
தரைக்கு: புல்மேல் நேராக நாற்காலி போட்டால் மழைக்குப் பிறகு கால் புதையும். ரப்பர் தரை விரிப்பை வெள்ளிக்கு முன்னமே போடுங்கள். மேஜைத் துணிக்குக் கவ்வி.

சிங்கை_செல்வி
பண்டிகை முடிந்தபின் எத்ரோக் ஜாம் போடலாமா?

அடுப்பங்கரை
போடலாம், ஆனால் சடங்குக்கென்று விற்கும் காய்க்கு மருந்து அதிகம் அடித்திருப்பார்கள், தோலைத்தான் தின்னப்போகிறோம். மருந்தடிக்காதது என்று தெரிந்தால் மட்டும் போடுங்கள். மெல்லிசாக அரிந்து, விதை நீக்கி, ஒரு நாள் ஊறவைத்துத் தண்ணீரை மூன்று முறை மாற்றி, வேகவைத்து வடித்து, வெந்த எடைக்குச் சமமாகச் சர்க்கரை போட்டு, மெல்லிய தீயில் கண்ணாடிபோல் ஆகும்வரை. கசப்புத் தண்ணீரைக் கொட்டாமல் வைத்தால் ஜாம் முழுக்கக் கசக்கும். மருந்தடித்த காய் வைத்திருப்பவர்கள் அதில் கிராம்பைக் குத்தி ஹவ்தாலா வாசனைக்கு வைத்துக்கொள்ளலாம்.

மரச்சட்டம்
பாயை ஈரத்தோடு சுருட்டாதீர்கள். இரண்டு வெயில் நாள் வேலியில் நிறுத்தி உலர்த்தி, நடுவில் கைவைத்துப் பார்த்து, ஈரம் இல்லையென்றால் சுருட்டிக் குறுக்குவாட்டில் மேலே தொங்கவிடுங்கள். தரையில் படுத்திருந்தால் அடுத்த வருஷம் பூஞ்சைக் கறை. பழைய லுலாவைத் தூக்கிப் போட வேண்டாம், பஸ்காவுக்கு முன் ஹமேத்ஸ் (புளித்த மாவுப் பண்டம்) எரிக்க அதையே விறகாகப் போடும் வழக்கம் உண்டு.